வலச் சக்கரம்

மேளச் சத்தம் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டே வந்தது. பெங்களூர் ரோட்டில் புளியமரங்களுக்குக் கீழே மேற்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. தேரடியில் கழற்றிப் போட்டது அங்கேயே கிடந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போகிற முகம் எனக்கு இல்லை. இடுப்பில் மட்டும் மஞ்சள் துண்டு அப்படியே இருந்தது. தேருக்குக் கட்டை போடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் துண்டு அது.

எதிரே ஒரு மாட்டு வண்டி நிறைய ஜனங்கள் வந்தார்கள். வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னாபா, தேரு நெலைக்கு வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. மூலையில நிக்குது."

"அப்ப இன்னும் நேரம் இருக்குது" என்று பின்னால் இருந்தவர்களிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மாட்டை விரட்டினார். ஏன் மூலையில் நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நான்தான் காரணம்.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் காஞ்சிவரத்தில் கோயில்களுக்கும் தேர்களுக்கும் குறைவில்லை, எந்தக் கோயில் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. தேர் ஓடுவது வடம் பிடிக்கிறவர்களின் பலத்தால். அது நிற்பதும் திரும்புவதும் கட்டை போடுகிறவர்களின் கையில் இருக்கிறது. கட்டை என்பது புளியமரத்தில் செதுக்கிய பெரிய ஆப்பு. முன்பக்கம் மெலிந்து, பின்பக்கம் தடித்து, பிடித்துக்கொள்ள ஒரு காது வைத்திருக்கும். முன்சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே கூட நடக்க வேண்டும். தேரின் மேல் நிற்கிற ஆள் துண்டை வீசி "போடு" என்றதும், உருண்டு வருகிற சக்கரத்தின் அடியில் அதை வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. சக்கரம் கட்டையின் மேல் ஏறி அழுத்துகிறவரை காதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அப்படி அழுத்துவதை எங்கள் ஆட்கள் 'கடிக்கிறது' என்பார்கள். கடித்ததும் "கடிச்சிச்சி!" என்று கத்திவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். முந்தி எடுத்தால் கட்டை வழுக்கிக்கொண்டு போய்விடும். பிந்தி எடுத்தால் கை போய்விடும்.

அந்தச் சத்தத்துக்குத்தான் வடத்தில் இருக்கிற அத்தனை பேரும் காத்திருப்பார்கள். கேட்டதும் மொத்த பலத்தையும் கொடுத்து இழுப்பார்கள். தேர் திரும்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர் ஊரை வலமாகத்தான் சுற்றும். வலமாகச் சுற்றுகிற தேருக்கு எந்த மூலைக்குப் போனாலும் வலப்பக்கத் திருப்பம்தான். வலச் சக்கரத்தைக் கட்டை போட்டு நிறுத்திவிட்டு இடச் சக்கரத்தை ஓட விடுவார்கள். ஆகவே மூலைக்கு மூலை ஜனங்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பது வலச் சக்கரத்து ஆளைத்தான். இடச் சக்கரத்து ஆளும் அதே வெயிலில் அதே கனத்தைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பான். அவனை அவன் பெண்டாட்டிகூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வலச் சக்கரம் எங்கள் அப்பாவுடையது. ஒரு வருஷம் அவருடைய இடது கால் விரல்கள் சக்கரத்தின் அடியில் போயின. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலறவில்லை. கட்டையை வைத்து முடித்து, "கடிச்சிச்சி" என்று கத்திவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். அடுத்த வருஷமும் நொண்டிக்கொண்டே போய்க் கட்டையைத் தூக்கினார். எனக்கோ அன்றிலிருந்து சக்கரம் என்றால் ஆகாது. பார வண்டி வந்தால்கூட வேலியோரம் ஒதுங்கி நிற்பேன்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. தறியில் உட்கார வைத்தார்கள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் எனக்கு முதுகில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். ஓடிப்போனேன். வாலாஜாவில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். அரக்கோணம் ரயிலடியில் மூட்டை தூக்கினேன். திருத்தணி அடிவாரத்தில் மொட்டை அடிக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றினேன். பசி இருந்தது, சில நாள் அடியும் இருந்தது. அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா செத்த சேதி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் போனபோது அவருடைய தறியில் அக்கா புருஷன் உட்கார்ந்திருந்தார்.

மாமாவுக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். ஆண் துணை இல்லாத வீடு என்று எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். தறி அவரிடம், அம்மாவின் நம்பிக்கை அவரிடம், வலச் சக்கரமும் அவரிடம். அப்பாவின் சட்டைகள் அவருக்கு அளவாக இருந்தன. எனக்குப் போட்டால் தோள் தொங்கியது. தாமல் ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவர் தட்டில் விழும், வால் என் தட்டில். டீக்கடையில் அவர் காலை வைத்ததுமே ஆடை போட்ட டீ வந்து நிற்கும். நான் இரண்டு முறை கேட்க வேண்டும். அவர் சிரித்தால் வீட்டில் எல்லாரும் கூடச் சிரித்தார்கள். நான் சிரித்தால் "இன்னாத்துக்குடா சிரிக்கிற?" என்று கேட்டார்கள். அவரிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டுமென்று மாதக்கணக்கில் கவனித்தேன். கிடைத்தது குறட்டை ஒன்றுதான். அதையும் அக்கா, "உழைக்கிற மனுசன், குறட்டை வராம இன்னா வரும்?" என்று ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாட்டில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டேன். "வலச் சக்கரம் எங்கப்பன்து. இந்த வருசம் எனக்குத்தான் வரணும்."

அக்கா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டாள். "ஏன்டா, மாட்டு வண்டியப் பாத்தாலே வேலியப் புடிச்சிக்கினு நிக்கிற ஆளு, நீ தேருக்குக் கட்டை போடப் போறியா?"

"அது சின்ன வயசுல."

"போன வாரம்தான்டா நின்ன. நான் பாத்துக்கினுதான வந்தேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "மச்சான் சொல்றது சரிதான். மொறை அவனுக்குத்தான். நான் எடத்துல போட்டுக்கறேன், அந்தப் பக்கத்து ஆளு காய்ச்சல்ல கீறாரு. நானே போயிச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிடுங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டியவனிடம் தானாக எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தாராளம் எனக்கு இல்லையே என்று அதன் மேலும் பொறாமை வந்தது. மறுநாள், "ஓரிக்கை வரைக்கும் ஒரு பார வண்டி போவுது, அதுல ரெண்டு தபா கட்டை போட்டுப் பாக்கலாம் வா மச்சான்" என்று கூப்பிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

தேர் ஓடிய அன்று நேர்த்தெருவில் ஒன்றும் ஆகவில்லை. இரும்புப் பட்டை அடித்த சக்கரம் என் தலைக்கு மேல் உயர்ந்து, கீழே கிடந்த கல்லையெல்லாம் மாவாக்கிக்கொண்டு வந்தது. நான் கட்டையோடு பக்கத்தில் நடந்தேன். குனிந்து பார்த்தால் தேரின் அடியில், அச்சுக்கு அந்தப் பக்கம், மாமாவின் கால்கள் தெரிந்தன. நிதானமாக, வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தன. என் சக்கரத்தைப் பார்க்க வேண்டியவன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் மூலை வந்தது. வீட்டுக் கூரையெல்லாம் தலைகள். "போடு!" என்று துண்டு வீசியாயிற்று.

சக்கரத்தை ஒட்டி நிற்க வேண்டிய நான் எட்ட நின்றிருந்தேன். எப்போது அவ்வளவு தள்ளிப் போனேன் என்று எனக்கே தெரியாது. அப்பாவின் கால் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், அதுகூட இல்லை. வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது, அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்தே கட்டையை எறிந்தேன். எறிந்த கையோடு, கடித்ததா இல்லையா என்று பார்க்காமல், "கடிச்சிச்சி!" என்று கத்தினேன்.

அவ்வளவு நன்றாக நான் எதையும் கத்தியதில்லை. வடத்தில் இருந்தவர்கள் நம்பி இழுத்தார்கள்.

கட்டை கோணலாக விழுந்து சக்கரம் இடித்து ஓரமாக உருண்டது. திரும்ப வேண்டிய தேர் திரும்பாமல் நேரே, மூலைக்கு எதிரே இருந்த ஓட்டு வீட்டைப் பார்த்துப் போனது. "உடாதே! நிறுத்து!" என்று எல்லாப் பக்கமும் சத்தம். அப்போது மாமா தன் கட்டையைத் தூக்கிக்கொண்டு தேருக்கு முன்னால், வடங்களுக்கு நடுவே புகுந்து, குறுக்கே ஓடி என் பக்கம் வந்தார். சக்கரத்தை ஒட்டிக் குந்திக் கட்டையை வைத்தார். காதைப் பிடித்த கை அசையவே இல்லை. மரம் முனகியது. "கடிச்சிச்சி!" என்றார்.

தேர் பாதி திரும்பி, முன்பக்க மரம் வீட்டுத் தாழ்வாரத்தில் மோதி நின்றது. ஓடுகள் சரிந்தன. ஒரு கோழிக்கூடு நசுங்கியது. கோழி முன்பே ஓடிவிட்டிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் வாய்கள் திறந்தன.

"எவன்டா கத்துனது?"

"கட்டை கடிக்கலபா, இவன்தான் பல்லைக் கடிச்சான்!"

"இழை அறுந்தா முடிச்சிப் போட்டுக்கலாம். கால் அறுந்தா இன்னாத்தடா போடுவ?"

கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் வந்து, தேர் காலையில் நகரட்டும், இனிமேல் இவன் கட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். "அவருகிட்ட இருந்து கேட்டு வாங்குனியே, வெச்சிக்கத் தெரிஞ்சிதா? அவரு குறுக்க பூந்தாரே, ஏதாவது ஆயிருந்தா எனக்கு யாருடா?" அவள் அழுதாளா திட்டினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மாமாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் பொய். எல்லாரும் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற இடத்தில் அவர் எப்படி நிற்கிறார் என்று பார்க்கப் போனேன். சந்துக்குள் ஒரு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். 

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல மச்சான்." வாயைத் துடைத்துக்கொண்டார். "மூலைக்கு மூலை இப்டித்தான். வவுறு கலங்கிக்கும். உங்கக்காகிட்ட சொல்லிடாத, அப்பால அனுப்ப மாட்டா."

"உங்களுக்குமா பயம்?"

"பின்ன? அம்மாம் பெரிய சக்கரம் மேல வருது, பயம் இருக்காதா? அதான் காதை இறுக்கிப் புடிச்சிக்கறேன். வேற எத்தப் புடிக்கிறது?"

என்னைத் திட்டவே இல்லை. முதல் தபா அப்படித்தான் என்று தோளில் தட்டிவிட்டுத் தேரடிக்குத் திரும்பிப் போனார்.

அதுவரையில் பயம் என்பது எனக்கு மட்டும் வந்த வியாதி, அவருக்கு அது கிடையாது, அதனால்தான் அவரால் முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே பயம். நான் பயந்து கட்டையை விட்டேன், அவர் பயந்து கட்டையைப் பிடித்தார். பயப்படுவதில்கூட என்னை முந்திவிட்டாரே என்று வயிறு எரிந்தது. சந்தின் அடுத்த முனையில் வெளியே வந்து அப்படியே நடக்க ஆரம்பித்தேன்.

எந்தத் திசை என்று யோசிக்காமல் நடந்ததில் அவருடைய ஊருக்கே வந்து சேர்ந்தேன். முசரவாக்கத்தில் ரோட்டோரம் ஒரு அம்மாள் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். என் இடுப்பைப் பார்த்துவிட்டாள்.

"மஞ்சத் துண்டு கட்டிக்கினு கீற, நீ கட்டை போடற ஆளா?"

"ஆமா."

"எங்க ஊருப் புள்ள ஒண்ணு வலச் சக்கரம் போடுதே, தெரியுமா உனக்கு? கொழந்தையில என் மடியில வளந்தவன். இன்னிக்கி எப்டிப் போட்டான்?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கடிக்காததைக் கடித்தது என்று அன்றைக்கு ஒரு தரம் கத்தியாயிற்று. இன்னொரு தரம் கத்தத் தெம்பு இல்லை.

"நல்லாப் போட்டாரு. அவரு இல்லாட்டி தேரு ஒரு வீட்டுக்குள்ள பூந்திருக்கும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஒரு பெரிய கை நிறையக் கடலையை அள்ளி என் துண்டில் போட்டாள். காசு வேண்டாம் என்றாள். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. அவருடைய பேருக்குக் கிடைத்த கடலையை நடந்துகொண்டே உரித்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

நடக்க நடக்க, எறிந்ததை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் கோளாறு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. சக்கரத்தை ஒட்டி நின்றிருந்தால் அது எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எட்டப் போனதால்தான் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் பயந்தேன். இதை ஒரு பார வண்டியிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம். அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குத் தாமல் ஏரிக்கரை வந்தது. ரோட்டோரத்து டீக்கடைக்காரர் பெஞ்சில் படுத்துக்கொள்ள விட்டார்.

காலையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து கடைக்கு முன்னால் மேட்டில் நின்றது. டிரைவர் இறங்கி அவசரமாகக் கைக்குக் கிடைத்த ஒரு கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஆற்காட்டுப் பக்கத்து பாய், தாடி நரைத்தவர். பெஞ்சில் வந்து விழுந்தார்.

"டீ குடுபா. ஒரே பேஜாரு. காஞ்சிவரத்துல மூலையில தேரு குறுக்க நிக்குது. சந்துல பூந்து வரதுக்குள்ள தாவு தீந்துடுச்சி. என் கிளீனரு, தேர இழுக்கிறதப் பாத்துட்டுத்தான் வருவேன்னு எறங்கிக்கினான். கிஸ்ணகிரி மேடெல்லாம் இனி நான் ஒண்டி ஏறணும். ஹேண்ட் பிரேக்கும் நிக்கிறதில்ல, நிறுத்துற எடத்துலல்லாம் சக்கரத்துக்குக் கட்டை போட ஆளு வேணும்."

"தேரு ஏன் நின்னுச்சாம் பாய்?" என்றார் கடைக்காரர்.

"எவனோ ஒரு பேமானி கட்டைய எறிஞ்சானாம்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். "நான்தாங்க பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். டீ மூக்கில் ஏறிப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். "அடப்பாவி! உன்னாலதான்யா எனக்குக் கிளீனரு போனான். அப்ப அந்த வேலைக்கு நீயே வா. கட்டை போடத் தெரியுமா?"

ஒரு வாரம் முன்னால் தெரியும் என்று சொன்ன வாய் இது. "காட்டுனா போடறேன்" என்றேன்.

பாய் லாரிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு கட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். தேர்க்கட்டையின் குட்டி மாதிரி இருந்தது. பிடிக்கிறதற்குப் பழைய டயரில் வார் வெட்டிக் காது அடித்திருந்தார்கள். சக்கரத்துக்குப் பின்னால், ஓரமாகக் குந்து, டயர் வந்து ஏறட்டும், அவசரப்படாதே என்று காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். நான் கருங்கல்லைத் தள்ளிவிட்டுக் கட்டையோடு குந்தினேன். லாரி மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

வயிறு கலங்கியது. நேற்றைக்கு எப்படியோ அப்படியே, கொஞ்சமும் குறையாமல். எழுந்து ஓட வேண்டும் போல் கால் துடித்தது. கட்டையை டயரின் அடியில் வைத்துக் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள அங்கே வேறு ஒன்றும் இல்லை. ரப்பர் வந்து மரத்தைத் தொட்டது, ஏறியது, மரம் முனகியது. உடனே கத்திவிடவில்லை. இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன். அதற்கப்புறம் கையை இழுத்தேன்.

"கடிச்சிச்சி பாய்!"

"இன்னாது கடிச்சிச்சி? பாம்பா?"

"இல்ல பாய். வண்டி நின்னுடுச்சி."

"நின்னுடுச்சின்னு சொல்லுபா! பயந்தே பூட்டேன். எடுத்துக்கினு ஏறு, நேரமாவுது."

வண்டி முன்னால் நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். மாமா இதைப் பார்க்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. கட்டையை மடியில் வைத்து, மஞ்சள் துண்டை அவிழ்த்து அதன் மேலிருந்த மண்ணைத் துடைத்தேன். லாரி மேட்டில் ஏறியது.